மொகம் தெரியுதா பாரு

எங்கள் பெரியப்பா செத்துப்போன அன்று வாடகைக்கு வந்த கண்ணாடிப் பெட்டி புத்தம் புதிது. வாசலில் பந்தல் போட்டு, பெட்டிக்கு நேர் மேலே டியூப்லைட் கட்டியிருந்தார்கள். மாலையோடு குனிந்து பார்த்தவர்களுக்கெல்லாம் அவர் முகத்துக்குப் பதிலாகத் தங்கள் முகம்தான் தெரிந்தது. கீழ்வேளூரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி, "என்ன விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே" என்று பெட்டிமேல் விழுந்து அழுதாள். நிமிர்கிற நேரத்தில் கண்ணாடியில் பார்த்து, கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒருவர், கும்பிட்ட கையை அப்படியே மேலே கொண்டுபோய் வழுக்கையின் ஓரத்து முடியைத் தடவிவிட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் குலுங்கிக் குலுங்கி அழுகிறேன் என்று நினைத்து பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். பெரியப்பாவே உயிரோடு இருந்து பத்துப் பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பார். அப்படி ஒரு பளபளப்பு.

உலகத்தில் உள்ள எந்தச் சாமானுக்கும் அவர் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். அதில் அவருடைய முகம் தெரிய வேண்டும். குத்துவிளக்கு, ஸ்டீல் டம்ளர், பிரிட்ஜ் கதவு, பைக் டேங்க், கல்யாணப் பத்திரிகையின் அட்டை, எதுவானாலும் சரி. கையில் எடுப்பார், வெளிச்சத்துக்குத் திருப்புவார், கழுத்தை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து சின்ன சீப்பை எடுத்து மீசையை ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "மொகம் தெரியுதா பாரு" என்பார். தெரிந்தால் அது நல்ல சாமான். தெரியாவிட்டால் அது மங்கு. "மங்குனத வீட்டுக்குள்ள விடாத" என்பதுதான் அவர் எங்களுக்கெல்லாம் சொல்லிவைத்த வேதம்.

அவர் பெரிய அழகர் ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கு கொஞ்சம் அகலம், காது கொஞ்சம் தாராளம். ஆனால் தன் முகத்தை இவ்வளவு பாசத்தோடு பார்த்த மனிதரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

என் அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் என்னை வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் போன நாள்களில் காலையில் என் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது பெரியப்பாதான். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து தேய்ப்பார். எங்கள் வகுப்பிலேயே என் ஷூதான் பளபளக்கும். மழைநாளில் சேற்றில் இறங்கினால் என்னைத் திட்டமாட்டார், சேற்றைத் திட்டுவார். அந்தப் பாசத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் மற்றதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

சோறுகூடப் பளபளக்க வேண்டும் அவருக்கு. எங்கள் வயலில் விளைந்த நெல்லை மில்லுக்குக் கொண்டுபோய், ஒரு தடவை பாலிஷ் போட்டது போதாது என்று இன்னொரு தடவை போடச் சொல்வார். "ஐயா, இதுக்கு மேல தீட்டுனா சத்து எல்லாம் தவிட்டோட போயிடுங்க" என்று மில்காரர் கெஞ்சுவார். "சத்து மாட்டுக்குப் போவட்டும். அரிசி எனக்கு முத்து மாதிரி வேணும்" என்பார். சத்து மாட்டுக்குப் போயிற்று. இவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் கைக்குத்தல் அரிசி சாப்பிடச் சொன்னார். அந்தப் பழுப்புச் சோற்றைத் தட்டில் பார்த்த அன்று, யாரோ அவரை அவமானப்படுத்திவிட்டதுபோல எழுந்து போனார்.

வீட்டைப் புதுப்பித்த கதை அதைவிட மோசம். பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுக் கூடம் முதல் குளியலறை வரை வெள்ளை வெளேரென்று கண்ணாடி டைல்ஸ் பதித்தார். "பாத்ரூமுக்கு மட்டும் சொரசொரப்பா மேட் டைல்ஸ் போட்டுக்கலாங்க, தண்ணி பட்டா வழுக்கும்" என்று கொத்தனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"சொரசொரப்பு போடுறதுக்கு அது என்ன மாட்டுக் கொட்டாயா?" என்றார் பெரியப்பா.

கிரகப்பிரவேசம் மாதிரி பால் காய்ச்சி ஒரு வாரம் ஆகவில்லை, பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. அதன் பிறகு அவளால் ஈரத்துணியைப் பிழிய முடியாது, தோசைக்கல்லைத் தூக்க முடியாது. பார்க்க வந்தவர்கள் எப்படி விழுந்தாள் என்று கேட்டபோது, பெரியப்பா அவர்களைக் குளியலறைக்கே அழைத்துக்கொண்டு போனார். "இந்தா, இங்கதான் விழுந்தா. பாருங்க, டைல்ஸ்ல ஒரு கீறல் இல்ல" என்றார்.

பெரியம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். எனக்குத்தான் அந்த டைல்ஸை உலக்கையால் இடித்துப் போடலாம்போல இருந்தது.

இப்படிப்பட்டவரோடுதான் நான் லேப்டாப் வாங்கத் தஞ்சாவூர் போனேன்.

நான் கட்டட வரைபடம் வரையும் படிப்பு படித்திருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தபடியே வரைந்து அனுப்ப ஆள் எடுத்தது. வீட்டில் உட்கார்ந்தே ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதில் தேறினால் வேலை. தேறாவிட்டால் சித்திரையில் கல்யாணம். அப்பா போனில் அப்படித்தான் முடிவாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையைப் பெரியப்பா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். எண்ணெய் வழிய வாரிய தலையோடு ஒரு போட்டோ வந்தது. "மொகத்துல எப்படி ஒரு மினுமினுப்பு பாரு" என்று அதையும் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆக, எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு நல்ல லேப்டாப் வேண்டும். அப்பா பணத்தைப் பெரியப்பாவுக்குத்தான் அனுப்புவார். அதனால் எனக்குப் பெரியப்பாவும் வேண்டும்.

கடையில் கறுப்புச் சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எதுக்காக சார் பாக்குறீங்க?"

"லேப்டாப்ப எதுக்காகம்மா பாப்பாங்க? வாங்கத்தான்" என்றார் பெரியப்பா.

நான் குறுக்கே புகுந்து சொன்னேன். "பிளான் வரையணும்ங்க. கோடெல்லாம் மெல்லிசா இருக்கும். ரெசல்யூஷன் கூட இருக்கணும். கண்ணாடி மாதிரி மின்னாத மேட் ஸ்கிரீன் வேணும். எங்க வீட்டுல ஜன்னலுக்கு எதிர்லதான் சிக்னல் கெடைக்கும், வெளிச்சம் அடிக்கும்."

அவள் கெட்டிக்காரி. இரண்டு லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஒன்று நான் கேட்டது. மூடி சாம்பல் நிறம், பார்க்க ஒன்றும் இல்லை. திரை மேட், ரெசல்யூஷன் அதிகம். இன்னொன்று ஆளை இழுக்கிற மாதிரி மின்னியது. திரை கண்ணாடி, ரெசல்யூஷன் குறைவு.

"ரெசல்யூஷன்னா என்னம்மா?" என்றார் பெரியப்பா.

"ஸ்கிரீன் முழுக்கப் பொடிப்பொடியா புள்ளி இருக்கும் சார். புள்ளியெல்லாம் சேந்துதான் படம் தெரியுது. மேடம் கேட்டதுல புள்ளி ரொம்ப நெருக்கமா இருக்கு. அதனால கோடு உடையாம தெரியும். இன்னொண்ணுல புள்ளி கொறைச்சல், கொஞ்சம் கலக்கமா இருக்கும்."

பெரியப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு, வயலில் இறங்கியவர்களுக்கு யோசனை சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு.

"நெருக்கமா இருந்தா நல்லதுன்னு ஒனக்கு யாரும்மா சொன்னா?"

"கம்பெனிலேயே அப்படித்தான் சார்..."

"ஒத்த நாத்து நடவு தெரியுமா ஒனக்கு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எடம் விட்டு நடணும். காத்து போவணும், வெயில் எறங்கணும். அப்பத்தான் தூர் கட்டும், கதிர் வாளிப்பா வரும். கொத்துக் கொத்தா நெருக்கி நட்டா என்ன கெடைக்கும்? வைக்கோல்தான் கெடைக்கும்."

"சார், இது நெல்லு இல்ல சார்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

இவர் ஒரு நாளும் நடவுச் சேற்றில் கால் வைத்தவர் அல்ல. வேளாண்மை அலுவலகத்தில் ஒரு முறை பயிற்சி நடத்தினார்கள். வடை, டீ கொடுத்து, நாற்றுக்கு நாற்று இடைவெளி விடச் சொன்னார்கள். வடையோடு இடைவெளியும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பஸ் சீட்டுக்கும் பந்திக்கு இலை போடுவதற்கும்கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அது லேப்டாப் வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது வாசல் பரீட்சை. பட்டுப்புடவை எடுக்கப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் கடை விளக்கை நம்பமாட்டார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, வெயிலில் பிரித்துப் பார்த்தால்தான் நிறம் என்ன என்று ஒத்துக்கொள்வார்கள். பெரியப்பாவும் அதேபோல, "கட வெளிச்சத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியும். வாசலுக்கு வாங்க" என்று கைக்கொன்றாக இரண்டு லேப்டாப்பையும் தூக்கினார். காட்சிக்கு வைத்திருக்கிற சாமான் மேஜையோடு வயரில் கட்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அலாரம் அலறியது. காவலாளி ஓடிவந்தார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் என்ன திருடனா? வாங்குறவன் பாத்துத்தான் வாங்குவான்" என்று கத்தினார். சத்தம் ஓய்ந்தால் போதும் என்று மேலாளர் வயரைக் கழற்றிவிட்டார்.

வாசல் வெயிலில் வைத்து, இரண்டையும் அணைக்கச் சொன்னார்.

"ஆன்ல வச்சுப் பாருங்க சார், அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

"ஆன் பண்ணா எல்லாத்துலயுந்தான் படம் தெரியும். அணைச்சு வச்சாத்தாம்மா சாமானோட தரம் தெரியும்."

அணைத்த கண்ணாடித் திரையில் அவர் முகம் மீசை நுனி வரைக்கும் தெரிந்தது. பின்னால் போகிற டவுன் பஸ்கூடத் தெரிந்தது. சீப்பு வெளியே வந்தது. ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டார். பிறகு மேட் திரை முன்னால் குனிந்தார். அதில் ஒரு மங்கலான நிழல் அசைந்தது, அவ்வளவுதான். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கரும்பலக மாதிரி இருக்கு. பழைய சாமானத் தொடச்சு வச்சு நம்ம தலைல கட்டப் பாக்குறாங்க. வா" என்று என் காதில் சொன்னார்.

நான் அங்கேயே சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். "அப்பா, எனக்கு மேட்தான்ப்பா வேணும். இதுல வேல பாக்க முடியாதுப்பா." எதிர்முனையில் கிரேன் சத்தம். "அண்ணன் பாத்து எடுத்தா சரியா இருக்கும்மா. அவருகிட்ட குடு" என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் அந்த வாசலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கண்ணாடித் திரையை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் அதற்கு ஊதுவத்தி காட்டி, மூடியில் சந்தனம் வைத்தார். சந்தனம் பளபளப்பைக் கெடுக்கிறது என்று உடனே அவரே துடைத்தும்விட்டார்.

சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த சமயம். ஜன்னலுக்கு வெளியே வயல் முழுக்க வானம் கிடந்தது. அந்த வெளிச்சம் நேரே என் திரையில் வந்து விழும். வரைகிற சாஃப்ட்வேரின் பின்னணி கறுப்பு. கறுப்புப் பின்னணி, கண்ணாடித் திரை, எதிரே வெளிச்சம். முகம் பார்க்க அதைவிட நல்ல கண்ணாடி எந்த சலூனிலும் கிடையாது. நான் சுவர் வரைந்தால் சுவருக்குள் என் மூக்கு தெரியும். மெல்லிய கோடுகள் சாய்வாகப் போகும்போது படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து போகும். பின்னணியை வெள்ளையாக்கினால் கண் கூசி நீர் வழியும்.

இது போதாதென்று என் தோளுக்கு மேல் இன்னொரு முகம் முளைக்கும். பெரியப்பா சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பார். வெளியே கிளம்புகிறபோதெல்லாம் இது நடக்கும். "அந்தக் கறுப்புப் படத்தக் கொஞ்சம் போடு பாப்பா" என்பார். போட்டால் குனிந்து மீசையை ஒழுங்குபடுத்துவார். கல்யாணத்துக்குக் கிளம்பினால் கொஞ்சம் நேரமாகும். துக்கத்துக்குக் கிளம்பினாலும் நேரமாகும். நான் கையை மவுஸில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மாசக்கணக்கில் என் பின்னால் நின்றவர், அந்தக் கறுப்புப் படத்தில் நான் என்ன வரைகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பரீட்சை வந்தது. எழுதுகிறவர் முகத்தை லேப்டாப் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் வந்தால் பரீட்சை தானாக மூடிக்கொள்ளும். இதை முதல் நாளே பெரியப்பாவிடம் விளக்கிச் சொன்னேன்.

"நான் எதுக்கும்மா அங்க வரேன்? எனக்குப் படம் வரையத் தெரியுமா?" என்றார்.

பாதிப் பரீட்சை நன்றாகவே போனது. அப்போது கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, நெட் செல்போனிலிருந்து வந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே படுக்கையறை இருட்டாகிவிட்டது. திருவாரூரில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு பீரோ கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தேன். படிக்கு மேலே, வெள்ளைச் சட்டையும் சீப்புமாக அவர் எழுந்தருளினார்.

கையால் சைகை காட்டினேன். "நீ பாட்டுக்கு வரஞ்சுக்க, நான் ஓரமாப் பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு மீசையின் இடது பக்கத்தை முறுக்கினார். வலது பக்கம் முறுக்குவதற்குள் திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. அறையில் வேறு நபர் இருக்கிறார், தேர்வு முடிக்கப்பட்டது. படி பாதியில் நின்றது.

"என்னம்மா செவப்பாயிடுச்சு? மொகம் சரியாத் தெரியல" என்றார் பெரியப்பா.

நான் அழுதேன். கத்தி அழுதேன். அவர் பயந்துபோய், "பரீச்ச போனாப் போவுது, நம்ம சித்திரையில ஜாம்ஜாம்னு முடிச்சுடலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் திருவாரூருக்குப் போனார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் சும்மா இருப்பதே பெரிய உபகாரம்.

அன்று மதியம் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா பேசினார். "உங்க பின்னாடி வந்தது யாரு?"

"எங்க பெரியப்பாங்க."

"விடை சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லங்க. மீசைய முறுக்கினாருங்க."

அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "பதிவுல பாத்தோம். அதத்தான் பண்றாரு. உங்களப் பாக்கவே இல்ல. சரி, வியாழக்கிழம காலைல இன்னொரு தடவ எழுதுங்க. அவர மட்டும் எங்கயாவது அனுப்பிடுங்க."

அவரை எங்கே அனுப்புவது? அனுப்பினால் கிளம்புவார். கிளம்பினால் மீசை பார்க்க என்னிடம்தான் வருவார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா சொன்னாள், "நீ எழுது. அவர நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலையில் அவள் வாசலுக்குப் போய் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "என்னங்க, டேங்க்கு இப்படி மங்கிக் கெடக்கு? மாப்பிள வீட்டுக்கு இந்த வண்டியிலயா போவப்போறீங்க?"

அவ்வளவுதான். பெரியப்பா பனியனோடு துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்தார். பெரியம்மா வாசற்படியில் கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எழுந்திருக்கிற போதெல்லாம், "அந்த மூலைல இன்னும் மங்கலா இருக்குங்க" என்பாள். அவர் மறுபடி உட்காருவார். "பின்னாடி சக்கரத்துக் கம்பில மொகம் தெரியல பாருங்க" என்பாள். அதையும் தேய்ப்பார். உள்ளே நான் மாடிப்படியை முழுசாக ஏறி மொட்டை மாடிக்கே போய்விட்டேன். அத்தனை வருஷம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா, அவரை எதில் கட்டிப் போடலாம் என்று?

வேலை கிடைத்தது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சித்திரை வந்தது, போயிற்று. எண்ணெய்த் தலை மாப்பிள்ளைக்கு வேறு இடம் அமைந்தது.

முதல் சம்பளம் வந்ததும் தவணை போட்டுக்கொண்டு, அதே கடைக்குத் தனியாகப் போனேன். அதே பெண் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "சார் வரலையா மேடம்? வாசலுக்கு எடுத்துட்டுப் போகணுமா?" என்றாள். இருவரும் சிரித்தோம். சாம்பல் மூடி போட்ட மேட் திரை லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய கண்ணாடி லேப்டாப்பைப் பிறகு அவரே எடுத்துக்கொண்டார். ஜன்னலில் நிறுத்திவைத்து ஷேவிங் செய்வார். கடைசி வரைக்கும் அதை அவர் ஆன் செய்ததே இல்லை. ஆன் செய்யாமல் ஒரு லேப்டாப்பைத் தினமும் பயன்படுத்தியவர் இந்த டெல்டாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

புதிது வந்த அன்று நான் வேலையில் உட்கார்ந்தபோது, வழக்கம்போலச் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றிருக்கிறார். திரையில் அவர் முகம் தெரியாததால் வந்ததே எனக்குத் தெரியவில்லை. செருமினார். குனிந்தார். வலது பக்கம் சாய்ந்தார், இடது பக்கம் சாய்ந்தார்.

"என்னம்மா இது, மொகமே தெரியல?"

"அதுக்குத்தான் வாங்கினேன் பெரியப்பா. உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே என்னால வேல பாக்க முடியல."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சூடாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் திரையை மெதுவாகத் துடைத்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தித் துடைத்தார். தேய்த்தால் வந்துவிடும் என்று நினைத்தார்போல. என் ஷூவை அப்படித்தான் தேய்ப்பார். வரவில்லை.

முகம் வராத இடத்தில் வேறு ஏதோ இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"இது என்ன படம்மா?"

"ஒரு வீட்டோட பிளான் பெரியப்பா. இது பாத்ரூம்."

"இங்க என்னமோ பொடிசா எழுதியிருக்கே?"

"தரைக்கு என்ன போடணும்னு எழுதியிருக்கேன்."

"என்ன போடணும்?"

"மேட் டைல்ஸ்."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நல்லா சொரசொரன்னு போடச் சொல்லும்மா" என்றாள் பெரியம்மா.